ஒரு கையெழுத்துதானே!

மருந்தடிக்கும் ஆட்கள் ஏழு பேரும் காலையில் பேர் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் வரிசையாக நின்றார்கள். அப்போதுதான் பையிலிருந்து எடுத்த புத்தம் புது முகமூடி, கண்ணாடி, கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு, ஸ்டூடியோவில் நிற்கும் மாப்பிள்ளைகள் மாதிரி ஆடாமல் அசையாமல் நின்றார்கள். தோட்டத்து ஆபீஸ் கிளார்க் கிருஷ்ணகுமாரி போனைத் தூக்கிப் பிடித்து நாலு படம் எடுத்தாள். படம் எடுத்த கையோடு முகமூடிகள் கழன்றன. துடைத்து, மடித்து, பழையபடி பைக்குள் வைத்து, பையை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டியாயிற்று. இனி அடுத்த வருஷம் படம் எடுக்கும்போதுதான் அந்தச் சாமான்களுக்கு வெளிச்சம்.

புளத்கொகுபிட்டிய என்கிற ஊருக்கு மேலே, மலையில் இருக்கிற அந்தத் தோட்டத்தின் தேயிலையை வெளிநாட்டுக்காரன் நல்ல விலைக்கு வாங்க வேண்டுமானால், வருஷா வருஷம் கொழும்பிலிருந்து ஆட்கள் வந்து பார்த்து, இங்கே வேலையாட்களைப் பாதுகாப்பாக வைத்திருக்கிறார்கள் என்று சேர்டிபிகட் எழுதிக் கொடுக்க வேண்டும். அவர்கள் முதலில் கேட்பது பயிற்சிப் பதிவேடு. அதை எழுதுவது கிருஷ்ணகுமாரி. 'களைநாசினி தெளித்தல், இரண்டு நாள் பயிற்சி' என்று முத்து முத்தாக எழுதி, மேசைமேல் திருப்பி வைத்தாள்.

அந்த ஏழு பேரில் மூத்தவரான இருளப்பன் பேனாவை வாங்கிக்கொண்டு பதிவேட்டைக் குனிந்து பார்த்தார். அவருக்கு இடது கண் மங்கல். இரண்டு வருஷத்துக்கு முன்னால் முதுகில் சுமக்கும் மருந்து டேங்கியின் குழாய் பிய்ந்து மருந்து தெறித்த கண் அது. அன்றைக்கும் அவர் கண்ணாடி போட்டிருந்ததாகத்தான் பதிவேடு சொல்லுகிறது.

"என்னா புள்ள, ரெண்டு நாளுன்னு எழுதியிருக்க? நாம நின்னது பத்து நிமிசங்கூட இல்லையே?"

"ஒரு கையெழுத்துதானே மாமா, போட்டுட்டுப் போங்க. வியாழக்கெழம சேர்டிபிகட்காரங்க வந்து கேட்டா ரெண்டு நாளு பயிற்சி குடுத்தாங்கன்னு சொல்லுங்க. போதும்."

"சொல்லிருவோம், சொல்லிருவோம். நீ சொல்லி நாங்க எத தட்டுனோம்?"

கிருஷ்ணகுமாரி கெட்டவள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். யாருக்காவது ஆஸ்பத்திரித் துண்டு எழுத வேண்டுமா, சிங்களத்தில் மனுப் போட வேண்டுமா, லயத்து வரிசை வீடுகளில் இருக்கிற சனம் ஓடி வருவது அவளிடம்தான். அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்த பிறகு, பதினொரு வயதுத் தம்பியை ஒற்றை ஆளாக வளர்த்து, படிக்க வைத்து, கடற்படையில் சேர்த்துவிட்டவள். பதிவேட்டில் பொய் எழுதுகிறோம் என்பது அவளுக்குத் தெரியும். அட, எந்தத் தோட்டத்தில்தான் எழுதவில்லை என்று அதையும் அவளே சொல்லிக்கொள்வாள்.

அன்று சாயங்காலம் தம்பி நிரோஷன் வந்தான். வழக்கமாக அவன் வந்தால் லயமே களைகட்டும். அன்றைக்கு ஒற்றைப் பிளாஸ்டிக் சிலிசிலிப் பையோடு, யார் முகத்தையும் பார்க்காமல் வந்து வாசற்படியில் உட்கார்ந்தான். ஒன்பது நாளுக்கு முன்னால் அவனுடைய ரோந்துக் கப்பல் ஒரு மீன்பிடிப் படகில் மோதி மூன்று பேர் செத்துப்போன சங்கதி டிவியில் வந்திருந்தது. 'நான் நல்லா இருக்கேன்' என்று அவன் போனில் சொன்ன ஒரு சொல்லைக் கேட்டு, கோயிலுக்கு ஓடிப்போய்த் தேங்காய் உடைத்தவள் கிருஷ்ணகுமாரி. அதற்குமேல் அவளுக்கு ஒன்றும் தெரியாது.

"சுக்கான் புடிச்சிருந்தது நான்தாங்க்கா" என்றான் நிரோஷன்.

கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அவன் விட்டு விட்டுச் சொன்னான். மூன்று மாதத்துக்கு முன்னால் கப்பலில் பழைய சுக்கான் மேசையைக் கழற்றிவிட்டு, தொட்டால் வேலை செய்கிற திரைகள் வைத்த புது மேசைகளைப் பொருத்தினார்கள். வேகத்தைக் கட்டுப்படுத்துவதை ஒரு மேசைக்கும் சுக்கானை இன்னொரு மேசைக்கும் மாற்றிவிடலாம். ஏழு நாள் பயிற்சி என்று சொல்லி, அரை மணி நேரம் ஒருத்தர் வந்து பேசினார். அவ்வளவுதான். மேலிடத்துப் பரிசோதனை வருகிறதென்று ஏழு நாளும் பயிற்சி எடுத்ததாக எல்லாரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

"அன்னிக்கு விடியக்காலையில, தொறமுகத்துக்குத் திரும்பி வந்துக்கிட்டு இருக்கோம். ரெண்டு நாளா நான் சரியா நாலு மணித்தியாலம்கூடத் தூங்கல. மேல நின்ன ஆபீசர் கப்பலுக்கு வந்து ரெண்டே வாரம். வேகத்த மட்டும் அடுத்த மேசைக்கு மாத்தச் சொன்னாரு. அங்க இருந்தவன் எதையோ அமத்துனான், சுக்கானும் சேந்து போயிருச்சு. நான் திருப்புறேன், கப்பல் திரும்பல. 'சுக்கான் கேக்கல, சுக்கான் கேக்கல'ன்னு கத்துறேன். ஒருத்தர் வலப்பக்கங்குறாரு, ஒருத்தர் இடப்பக்கங்குறாரு. எந்தப் பட்டன அமத்தணும்னு அங்க நின்ன ஒருத்தருக்கும் தெரியலக்கா. கமாண்டரக் கூப்புடவே பயந்துக்கிட்டு நின்னாங்க."

"படகுக்காரங்க வெலகியிருக்கலாம்ல?"

"எப்புடி வெலகுறது? வலைய வுட்டுட்டு நின்னாங்க. லைட்டு பளிச்சின்னு எரிஞ்சிச்சு. லைட்டுக்குக் கீழ ஒரு ஆளு கோப்பையோட நின்னாரு. நாம திரும்பிருவோம்னு நெனச்சுக்கிட்டு என்னயப் பாத்துக் கையக்கூட ஆட்டுனாரு. அவரும் செத்துட்டாரு. பஸ்லான் அவரு பேராம். பேப்பர்ல போட்டிருந்துச்சு. அவருக்கு மூணு புள்ளைங்க."

சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். இருபத்துநாலு வயது ஆண்பிள்ளை, பக்கத்து வீட்டுக் காம்பராவுக்குக் கேட்கக்கூடாதென்று அப்படி அழுதான்.

கிருஷ்ணகுமாரிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "படுபாவிங்க! பழக்காத கையில கப்பலக் குடுத்துட்டு, பழக்குனோம்னு எழுதி வச்சிருக்கானுங்களே, வெளங்குவானுங்களா?" என்று வாய்க்கு வந்தபடி திட்டினாள். திட்டிக்கொண்டே போனவள், "நீ ஏன்டா கையெழுத்துப் போட்ட? தெரியாதுன்னு சொல்லியிருக்க வேண்டியதுதானே?" என்று கேட்டுவிட்டாள்.

நிரோஷன் நிமிர்ந்து பார்த்தான்.

"அன்னிக்கு ஒனக்குப் போன் பண்ணேன்ல? இப்புடிப் போடச் சொல்றாங்க, எனக்கு ஒண்ணும் வெளங்கலன்னு சொன்னேன்ல? நீ என்ன சொன்ன?"

அவளுக்கு ஞாபகம் வந்தது. ஆபீசில் இதே மாதிரி ஒரு பதிவேட்டுக்குக் கோடு போட்டுக்கொண்டே, போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு பேசினாள். 'ஒரு கையெழுத்துதானேடா, போட்டுட்டுப் போ. பெரியவங்களப் பகைச்சுக்காத' என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை.

பிறகு அவன் மிச்சத்தையும் சொன்னான். வெள்ளிக்கிழமை விசாரணை. படகில் விளக்கு எரியவில்லை என்று எல்லாரும் ஒரே வாயாகச் சொல்லப் போகிறார்களாம். அவனும் அப்படிச் சொன்னால் வேலை தப்பும். இல்லாவிட்டால், ஏழு நாள் பயிற்சி எடுத்தவன் என்று அவன் கையெழுத்து இருக்கிறது. பழி மொத்தமும் அவன் தலையில் விடியும். வேலையும் போகும், உள்ளேயும் தள்ளுவார்கள்.

கிருஷ்ணகுமாரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்ப லைட்டு எரியலன்னே சொல்லிரு. செத்தவங்க திரும்பி வரப் போறாங்களா? இருக்குறவன் பொழைக்கணும்ல?"

"ஒன் பேச்சக் கேட்டு ஒரு தடவ கையெழுத்துப் போட்டேங்க்கா" என்றான் நிரோஷன். எழுந்து உள்ளே போய்விட்டான்.

இரண்டு நாளும் அவன் சரியாகச் சாப்பிடவில்லை. வியாழக்கிழமை காலை, கேகாலை பஸ்ஸுக்கு இறங்கும்போது வாசலில் நின்று, "என்னக்கா சொல்லட்டும்?" என்று கேட்டான். "சொன்னதத்தான் சொல்றேன். லைட்டு எரியல" என்றாள் அவள். சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்க அவளால் முடியவில்லை.

பத்து மணிக்குச் சேர்டிபிகட்காரர்கள் ஜீப்பில் வந்து இறங்கினார்கள். கேள்வி கேட்க வந்தது கொழும்புச் சிங்களப் பெண் ஒருத்தி. படித்த பிள்ளை, மரியாதையான பிள்ளை, தமிழ் மட்டும் தெரியாது. இருளப்பனுக்குக் கடைத்தெருச் சிங்களம் தெரியுமே தவிர, இந்த மாதிரி விசாரணைச் சிங்களம் ஓடாது. அதனால் கேள்வியைத் தமிழில் சொல்லவும் பதிலைச் சிங்களத்தில் சொல்லவும் நடுவில் கிருஷ்ணகுமாரி நின்றாள். தோட்டத்து மேனேஜரான தொரை ஓரமாக நின்று, கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார்.

அந்தப் பெண் பதிவேட்டைப் புரட்டினாள். படங்களைப் பார்த்தாள். முகத்தில் திருப்தி. சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்பது போல, "மருந்து கண்ணில் தெறித்தால் இவர் முதலில் என்ன செய்வார் என்று கேளுங்கள்" என்றாள்.

கிருஷ்ணகுமாரி கேட்டாள். "மாமா, மருந்து கண்ணுல பட்டா மொதல்ல என்ன செய்வீங்க?"

இருளப்பன் திருதிருவென்று விழித்தார். தொரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அந்த மங்கிப்போன கண்ணும் அவளைத்தான் பார்த்தது. பிறகு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒப்பிப்பது மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "ரெண்டு நாளு பயிற்சி குடுத்தாங்க" என்றார்.

கண் போன மனுஷன். என்ன செய்ய வேண்டும் என்று அன்றைக்கும் அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை, இன்றைக்கும் சொல்லித் தரவில்லை. சொல்லித் தந்தது ஒரு பொய்யை மட்டும்தான். தந்தது அவள். திரும்பாத சுக்கானைத் திருப்பிக்கொண்டு நின்ற தம்பியின் முகமும் அப்போது இப்படித்தானே இருந்திருக்கும்!

"என்ன சொல்கிறார்?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

தண்ணீரால் கழுவுவாராம் என்று ஒரே வரியில் முடித்திருக்கலாம். கேட்க ஆள் இல்லை. தொரைக்குக்கூட அவ்வளவு நல்ல சிங்களத்தில் பொய் சொல்ல வராது என்று ஆபீசில் கேலி செய்வார்கள். கிருஷ்ணகுமாரி அந்தப் பெண் பக்கம் திரும்பினாள். பிறகு தெளிவான சிங்களத்தில் சொன்னாள்: "இரண்டு நாள் பயிற்சி கொடுத்ததாகச் சொல்கிறார். நான் சொல்லச் சொன்னதால் சொல்கிறார். பயிற்சி எதுவும் நடக்கவில்லை. முகமூடிகள் அலுமாரியில் இருக்கின்றன. பதிவேட்டை எழுதியது நான். இவருக்குக் கண் போனது மருந்தால்."

தொரை முகத்தில் ஈயாடவில்லை. அவளை அலுவலகத்துக்குப் பின்னால் கூப்பிட்டுப் போனார்.

"ஒனக்குப் பைத்தியமா குமாரி? சேர்டிபிகட் போனா நம்ம தேயிலைய யாரு வாங்குறது? இந்தச் சனத்துக்குத்தானே வேலை கொறையும்? அத யோசிச்சியா?"

"யோசிச்சேன் சேர். முகமூடிய அலுமாரியில இருந்து எடுத்துக் குடுத்து, உண்மையாவே ரெண்டு நாளு சொல்லிக் குடுத்தா சேர்டிபிகட் போகாது. அத நீங்க செய்யல. செய்யச் சொல்லி நானும் கேக்கல."

"நாளைக்கு ஆபீஸ் பக்கம் வர வேணாம். தோட்டத்து வீட்ட மாத முடிவுல விட்டுரு."

வேலை போயிற்று, இருக்கிற வீடும் போகிறது. பெரட்டுக்களத்து மூலையில் போய் நின்றுகொண்டு தம்பிக்குப் போன் எடுத்தாள். பின்னால் பஸ் சத்தம் கேட்டது. கேகாலை ஸ்டாண்டில் கொழும்பு பஸ்ஸுக்கு நிற்கிறானாம்.

"தம்பி, அந்தப் படகுல லைட்டு எரிஞ்சிச்சா?"

"எரிஞ்சிச்சுங்க்கா."

"அப்ப எரிஞ்சிச்சுன்னு சொல்லு. ஒன்னயப் பழக்கலங்குறதச் சொல்லு, பழகாமக் கையெழுத்துப் போட்டதையும் சொல்லு. போடச் சொன்னது யாருன்னு கேட்டா, அந்த ஆபீசர் பேரச் சொல்லு. வீட்டுல கேட்டப்ப எங்கக்காவும் போடத்தான் சொன்னான்னு அதையும் சேத்துச் சொல்லு."

"என்னக்கா இப்புடிச் சொல்ற? வேலை போயிரும். ஜெயிலுக்குப் போனாலும் போவேன்."

"தெரியுண்டா. எனக்கும் இப்பத்தான் வேலை போச்சு." பஸ் சத்தத்துக்கு மேலே கேட்கும்படி அவள் குரலை உயர்த்தினாள். "பழக்காம வேலைய ஏவுறவனும், பழக்குனதாப் பொய்யா எழுதுறவளும், ஒரு கையெழுத்துதானேன்னு போடுறவனும் சேந்துதான்டா ஆளக் கொல்றோம். அந்தத் தாள நம்பித்தான் இன்னொருத்தன் நம்மளப் பாத்துக் கையாட்டிக்கிட்டு நிக்கிறான். இனிமே தெரியாத வேலையத் தெரியாதுன்னு சொல்லு. எவ்வளவு பெரிய ஆளு கேட்டாலும் சொல்லு."

அந்தப் பக்கம் கொண்டக்டர் கொழும்பு, கொழும்பு என்று கத்துவது மட்டும் கேட்டது.

"சொல்றேங்க்கா" என்றான் நிரோஷன். "அந்த ஆளு கையாட்டுனதையும் சொல்றேன்."