முழு ஜாவா தேவை

1

இந்தக் கதை ஒரு வழுமுறைப்பாட்டிலிருந்து, அதாவது மென்பொருள் ஒன்றில் பிழை இருக்கிறதென்ற முறைப்பாட்டிலிருந்து வந்தது. எந்த நாட்டிலோ யாரோ எழுதியது: "நிறுவியாயிற்று. பிழை எதுவும் காட்டவில்லை. திறக்கவில்லை." இதைவிடச் சோகமான மூன்று வாக்கியங்களை நான் அண்மையில் படித்ததில்லை. உடனே எழுத உட்கார்ந்தேன்.

அனலைதீவுக் கடல் அன்று காலை — (வேண்டாம். கடலில் தொடங்கினால் கதை கடலிலேயே நின்றுவிடும்.)

அனலைதீவுக்குப் படகேறும் கரைக்குப் பக்கத்தில், கரம்பொன்னில் இருக்கும் மேனுகா, கட்டற்ற மென்பொருள்களைப் பிறர் நிறுவ வசதியாகப் பொதிகளாகக் கட்டித் தருபவள். சம்பளமில்லாத வேலை. ஒரு மென்பொருள் ஓடுவதற்கு வேறு என்ன தேவை என்று பொதிக்குள் ஒரு வரி எழுத வேண்டும். அதைப் பார்த்துத்தான் கணினி மீதியைத் தானே இறக்கிக்கொள்ளும்.*

* கொட்டாவி விடாதீர்கள். இந்தக் கதையின் வில்லன் அந்த ஒரு வரிதான்.

2

மேனுகாவின் மச்சாள் மீனலோசனி, அனலைதீவில் ஆசிரியை. புற்றுநோயால் அவரது குரல்வளையை எடுத்துவிட்டார்கள். எடுப்பதற்கு முன் பேசிப் பதிந்து வைத்த ஒலிகளைக் கொண்டு, தட்டச்சுச் செய்வதை அவர் குரலிலேயே பேசும் ஜாவா மென்பொருள் ஒன்றை மேனுகா பொதியாக்கினாள்.

[எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஒரு பொதியின் குறையைப் பெரிதாக்க ஒரு பெண்ணின் குரலைப் பறிப்பது சுத்த அயோக்கியத்தனம். முதல் வரைவில் அவருக்கு வெறும் தடிமனும் குரலடைப்பும்தான். தடிமன் மாறியது, கதையும் முடிந்துபோனது.]

அதிபர் பரமலிங்கம் கெட்டவரல்ல. "ரீச்சர், திங்கட்கிழமை வகுப்பில அந்த மெசினை வைச்சுப் பாப்பம். சரிவராட்டி நூலகத்தைப் பொறுப்பெடுங்கோ. பிள்ளையளுக்குப் பாடம் நடக்க வேணுமெல்லே" என்றார். மீனலோசனிக்கு நூலகம் வேண்டாம். வகுப்புத்தான் வேண்டும்.

3

படகில் போகிறவரிடம் சாமான் கொடுத்துவிடும்போது, அவருக்குப் பாரமாகிவிடும் என்று பாதியை எடுத்து வைத்துவிட்டுக் கட்டுவது தீவுப்பக்கத்துப் பழக்கம். மேனுகாவும் அதைத்தான் செய்தாள். அனலைதீவில் இணையம் இழுபறி. அந்த மென்பொருள் ஓடுவதற்குக் கணினியில் ஜாவா என்ற இன்னொரு மென்பொருள் இருக்க வேண்டும்; அதில் முழுசு, சிறிது என்று இரண்டு உண்டு, முழு ஜாவா பெரிது. எனவே பொதியின் அந்த ஒரு வரியில் சிறிய ஜாவா போதும் என்று எழுதிவிட்டாள். சிறியதற்குத் திரையில் எதையும் காட்டத் தெரியாது. அவளுடைய கணினியில் முழுசு எப்போதோ ஏறியிருந்ததால் அங்கே எல்லாம் ஒழுங்காக ஓடியது.

ஞாயிறு பின்னேரம் மீனலோசனியின் செய்தி வந்தது. "ஏத்திப்போட்டன் மேனுகா. பிழை ஒண்டும் காட்டேல்லை. திறக்குதில்லை. நாளைக்கு வகுப்பெல்லே?"

மேனுகா பொதியைத் திறந்து தான் எழுதிய வரியைப் பார்த்தாள். "ஐயோ மச்சாள், என்ரை பிழை. உங்களுக்குப் பாரமெண்டு குறைச்சுக் கட்டினனான். உங்கடை இணையத்தில முழுசை இறக்க ஏலாது. பென்ரைவில போட்டு, காலமை முதல் படகில கொண்டாறன்."

"நீர் எனக்குப் பாரம் பாக்க வேண்டாம். எனக்கு என்ன தேவையோ, அதை அப்பிடியே எழுதிவிடும்."

மேனுகா அந்த வரியைத் திருத்தினாள்: முழு ஜாவா தேவை.

4

படகு கவிழும் முடிவொன்று வைத்திருந்தேன். (வெட்கக்கேடு.) அதிபர் கண்கலங்கும் முடிவும் இருந்தது. (பரமலிங்கம் அப்படிப்பட்ட ஆளில்லை.) இரண்டையும் கிழித்தாயிற்று. படகு வழக்கம்போல வந்தது. மேனுகா முழுசை ஏற்றினாள். மென்பொருள் திறந்தது. அதிபர் வகுப்பின் கடைசி வாங்கில் உட்கார்ந்திருக்கிறார். மீனலோசனி விசைப்பலகையில் கை வைக்கிறார்.

"பிள்ளையள், நான் —

இல்லை. "எல்லாரும் —

இதற்கு மேல் எனக்கு எழுத மனம் வரவில்லை. அவருக்கு நோயைக் கொடுத்தவன் நான். குரலை எடுத்தவனும் நான். முதல் வசனத்தையும் நானே எழுதிக் கொடுத்தால், அந்த வகுப்பில் கேட்கப்போவது என் குரல். அதற்காகவா அவர் ஞாயிறு இரவு முழுவதும் தவித்தார்?

நான் வெளியே போகிறேன். நீங்கள் இருந்து கேளுங்கள். அவர் தட்டத் தொடங்கிவிட்டார்.