கனம் தெரியாத பை

முதுகுப்பையின் கொக்கிகளை ஒவ்வொன்றாக விடுவித்துவிட்டு, அதன் சட்டத்துக்கும் பைக்கும் நடுவில் செருகியிருந்த இறைச்சியைக் கோரின் தன் பக்கமாக இழுத்தாள். அது வரவில்லை. வெள்ளைத் துணிக்குள் எல்க் மானின் பின்தொடை குளிரில் விறைத்துப்போய்ச் சட்டத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கராஜின் சிமெண்ட் தரையில் உட்கார்ந்து, சட்டத்தின் அடிப்பகுதியைக் காலால் மிதித்துக்கொண்டு மறுபடியும் இழுத்தாள்.

"மெதுவா. அதுக்குக் கீழ இன்னொண்ணு இருக்கு," என்றார் கதவோரம் நின்றிருந்த வெர்ன்.

"இன்னொண்ணா?"

"முன்னங்கால். ரெண்டையும் சேர்த்துத்தான் கட்டிக்கிட்டான்."

கோரினின் கை நின்றது. அவளுடைய அப்பா ஹாலிஸ் அன்று காலையில்தான் மலைச்சரிவில் விழுந்து இறந்திருந்தார். மீட்புக் குழு போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. இதயம் என்றார்கள். அவளும் அம்மா டெல்லாவும் டவுனுக்குப் போய் முகத்தைப் பார்த்து, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பினார்கள். அதற்குள் வெர்னின் பிக்கப்பில் முதுகுப்பை வீட்டுக்கு வந்துவிட்டது. அப்பாவை டவுனில் இன்னும் கொடுக்கவில்லை.

டவுனில் அவள் அழவில்லை. நாற்காலியின் கைப்பிடியில் உரிந்திருந்த ரெக்சினைப் பிய்த்துக்கொண்டே இருந்தாள் என்பது மட்டும் நினைவிருக்கிறது.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும் கோரின்," என்றார் வெர்ன். அவர் அப்பாவோடு வருஷம் தவறாமல் வேட்டைக்குப் போனவர். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். "அவன் கஷ்டப்படவே இல்ல. நீ அதைத் தெரிஞ்சுக்கணும். ரெண்டையும் ஏத்திக்கிட்டு எந்திரிச்சான் பாரு, அப்ப என்ன சொன்னான் தெரியுமா? 'முதுகுல ஒண்ணு இருக்கறதே தெரியலடா வெர்ன். கோரி வாங்கிக் குடுத்த பை வேலை செய்யுது'ன்னான். சிரிச்சுக்கிட்டேதான் நடந்தான். வழக்கமா உக்கார்ற மரத்துக்கிட்டகூட நிக்கல. 'நீ வேணா உக்காரு கிழவா'ன்னுட்டுப் போய்க்கிட்டே இருந்தான்."

அவர் அதை ஒரு பரிசு போலக் கொண்டுவந்து வைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார்.

"அப்படியா," என்றாள் கோரின்.

ஆகஸ்டில் அந்தப் பையை வாங்க மிசூலா நகரத்துக்கு அப்பாவை அழைத்துப் போனது அவள்தான். அவருடைய பழைய பை பச்சைக் கித்தானும் வளைந்த அலுமினியச் சட்டமுமாக, வார்கள் மூன்று நிறத்தில் தைக்கப்பட்டு, பிச்சைக்காரனின் மூட்டை மாதிரி இருந்தது. ஒவ்வொரு நவம்பரிலும் அவர் தோளில் இரண்டு சிவப்புக் கோடுகளோடு வீடு வருவார். அம்மா தைலம் தேய்ப்பாள். அடுத்த வருஷம் வேறு வாங்குவோம் என்று பேச்சு நடக்கும். அவ்வளவுதான்.

கடையில் ஹாலிஸ் நேராகப் போய் ஒரு சின்னப் பையை எடுத்தார். மத்தியானச் சாப்பாடு, கத்தி, கயிறு, ஒரு கம்பளிச் சட்டை வைக்க இடம் இருந்தது.

"நாள் பூராச் சுத்தறதுக்கு இது போதும்," என்றார்.

"மான் விழுந்தா?"

"விழுந்தா டிரக்குக்கு வந்து பழசை எடுத்துட்டுப் போறேன். அதுவரைக்கும் மான் எங்கயும் போகாது."

கோரின் விடவில்லை. அவள் பள்ளிப் பேருந்துகளுக்குத் தடம் போடும் வேலையில் இருந்தாள். எதையும் நாலு இடத்தில் விசாரித்து, ஒப்பிட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்வாள். பகலில் இறுக்கிக் கட்டினால் சின்னப் பையாக ஒட்டிக்கொள்ளும். வேட்டை விழுந்துவிட்டால் பை சட்டத்திலிருந்து விலகி இடம் விடும். இறைச்சி நடுவில், முதுகை ஒட்டி உட்காரும். அப்படி ஒன்றைத்தான் வாங்க வேண்டும் என்று தீர்மானித்து வந்திருந்தாள்.

கடைக்காரப் பெண் அவரைத் தலை குனியச் சொல்லி, பின்கழுத்தில் துருத்தும் எலும்பிலிருந்து இடுப்பெலும்பின் மேல் விளிம்பு வரை நாடாவால் அளந்தாள். பாரம் தோளில் நிற்கக் கூடாது, இடுப்பில் நிற்க வேண்டும், அதற்கு முதுகின் நீளம் சரியாக இருக்க வேண்டும் என்றாள்.

"கல்யாணக் கோட்டுக்குக்கூட இவ்ளோ நேரம் நின்னதில்ல," என்றார் ஹாலிஸ்.

"கல்யாணக் கோட்டை ஒரு தடவைதானே போட்டீங்க," என்றாள் அந்தப் பெண்.

"அதை எங்க வீட்டம்மாகிட்ட சொல்லாதீங்க. இன்னொரு தடவை போடறதுக்காகத்தான் பத்திரமா வெச்சிருக்காளாம்."

மணல் மூட்டைகளைப் பையில் ஏற்றினார்கள். அவர் கடைக்குள் இருந்த மரப்படிகளில் ஏறி இறங்கினார். இன்னொரு மூட்டை. மறுபடியும் ஏறி இறங்கினார்.

"உள்ள இருக்கறது மண்ணா, பஞ்சா?" என்று கேட்டார். பிறகு கொக்கியைக் கழற்றாமலே மகள் பக்கம் திரும்பினார். "கோரி, பழசுல தோள் வலிக்கும். வலிச்சா உக்காருவேன். இதுல எப்ப உக்கார்றதுன்னு எப்படித் தெரியும்?"

கடைக்காரப் பெண் சிரித்தாள். கோரினும் சிரித்தாள்.

"உக்காரணும்னு தோணறப்ப உக்காருங்கப்பா."

"எனக்கு அது என்னிக்குத் தோணியிருக்கு?" என்றார் அவர்.

சின்னப் பையை அவள்தான் எடுத்த இடத்தில் திரும்ப மாட்டினாள்.

"கோரின்." சமையலறைக் கதவைத் திறந்துகொண்டு டெல்லா நின்றாள். டவுனுக்குப் போட்டுக்கொண்டு போன நல்ல கோட்டின் மேலேயே ஏப்ரனைக் கட்டியிருந்தாள். "அதை உள்ள கொண்டு வா. போட்டு வெச்சா கெட்டுடும்."

"அம்மா, இன்னிக்கேவா?"

"இன்னிக்கு வெட்டாம என்னிக்கு வெட்டறது?"

மேஜையில் காகிதம் விரித்து, கத்திகளை வரிசையாக வைத்திருந்தாள். வெர்ன் தொடையைத் தூக்கிவந்து போட்டார். எலும்பை ஒட்டிக் கத்தியை விட்டு அவர் சதையைப் பிரிக்க, கோரின் துண்டு போட்டாள். டெல்லா ஒவ்வொரு துண்டையும் காகிதத்தில் இறுக்கிச் சுற்றி, மேலே மார்க்கரால் எழுதினாள். தொடை. ஹாலிஸ். எந்த இடத்துக் கறி, யார் சுட்டது, எந்த வருஷம் என்று மூன்றையும் எழுதாமல் அந்த வீட்டில் எதுவும் உறைபெட்டிக்குள் போகாது.

கொஞ்ச நேரம் எழுதியபிறகு டெல்லா மார்க்கரைத் தூக்கிப் பிடித்தபடி நின்றாள்.

"இது என்ன வருஷம்?" என்று கேட்டாள்.

வெர்ன் சொன்னார். அவள் எழுதினாள்.

வாசல் மணி அடித்தது. பக்கத்துப் பண்ணையின் ஆர்டிஸ், சீஸ் போட்டு வேகவைத்த உருளைக்கிழங்குத் தட்டைத் துண்டில் சுற்றி எடுத்து வந்திருந்தாள். மேஜையையும் ரத்தக் கைகளையும் பார்த்து அவள் முகம் சுளிக்கவில்லை. டெல்லாவைத் தோளோடு அணைத்துக்கொண்டாள்.

"நம்பவே முடியல டெல்லா. செவ்வாய்க்கிழமைதான் எங்க வேலியைச் சரி பண்ணிக் குடுத்தாரு. சின்னப் பையன் மாதிரி கம்பி மேல தாவிக் குதிச்சாரே."

"கஷ்டமே படல ஆர்டிஸ்," என்றார் வெர்ன். மறுபடியும் ஆரம்பித்தார். ரெண்டையும் ஏற்றிக்கொண்டு எழுந்தது, முதுகில் ஒன்றும் தெரியவில்லை என்றது, கோரி வாங்கிக் கொடுத்த பை. இந்தத் தடவை 'சிரித்துக்கொண்டே' என்பது 'சீட்டியடித்துக்கொண்டே' ஆகியிருந்தது.

ஆர்டிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு கோரின் பக்கம் திரும்பினாள்.

"பாத்தியா கண்ணு. கடைசியா உன்னாலதான் அவருக்குப் பாரம் தெரியாமப் போச்சு. எத்தனை பேருக்கு இது கிடைக்கும்."

"ஆமா," என்றாள் கோரின். கையைக் கழுவிவிட்டு, ஆர்டிஸின் கையிலிருந்த தட்டைத் துண்டை விட்டுவிட்டு வெறும் கையால் வாங்கினாள். எங்கே வைப்பது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டே நின்றாள். டெல்லா பார்த்துவிட்டு ஓடிவந்து பிடுங்கினாள்.

"கை சுடல உனக்கு?"

கோரின் உள்ளங்கையைப் பார்த்தாள். சிவந்திருந்தது.

ஆர்டிஸ் போனாள். வெர்னும் முன்னங்காலை வெட்டி முடித்துவிட்டு, தட்டைத் தொடாமல் கிளம்பினார். அம்மாவும் மகளும் பொட்டலங்களை உறைபெட்டியில் அடுக்கினார்கள்.

"பழைய பை எங்கம்மா?"

"சர்ச் விற்பனைக்குக் குடுத்துட்டாரே. 'வீட்டுல இருந்தா கை பழசுக்குத்தான் போகும், கோரி கோவிச்சுக்குவா'ன்னாரு."

உறைபெட்டியின் மோட்டார் இரைந்தது. கோரின் கையில் இருந்த பொட்டலத்தை வைக்காமல் நின்றாள்.

"அம்மா, அன்னிக்குக் கடையில அப்பா முதல்ல எடுத்தது ஒரு சின்ன..."

டெல்லா அவள் கையிலிருந்து பொட்டலத்தை வாங்கி இடுக்கில் செருகினாள். மூடியைச் சாத்தினாள். சாத்திய மூடியின் மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, மகளைப் பார்க்காமல் நின்றாள்.

"மான்ல மிச்சம் பாதி இன்னும் மலை மேலதான் தொங்குது," என்றாள். "கரடி மோப்பம் பிடிச்சிடும். அதை விட்டுட்டு வந்தோம்னா உங்கப்பாவுக்கு அடுக்காது. காலையில வெர்ன்கூட நீ போ."

"எதுல தூக்கிட்டு வரது?"

"ஒரு பைதானே இருக்கு," என்றாள் டெல்லா.

காலையில் அம்மா அதைக் கழுவி அடுப்புக்குப் பக்கத்தில் காயவைத்திருந்தாள். எப்போது கழுவினாள் என்று கோரின் கேட்கவில்லை.

வானம் வெளுத்தபோது அவர்கள் ஏறத் தொடங்கியிருந்தார்கள். இரவு பனி பெய்யவில்லை. முந்தின நாள் தடங்கள் அப்படியே உறைந்திருந்தன. அப்பா விழுந்த இடம் பல பேர் பூட்ஸ் மிதித்துச் சேறாகக் கிடந்தது. வெர்ன் அங்கே தொப்பியைத் தொட்டுவிட்டு நிற்காமல் நடந்தார். அதற்கு மேலே, அப்பாவும் வெர்னும் ஏறிப் போனபின் விழுந்த பனியில், இரண்டே தடங்கள்தான் இருந்தன. இறங்கி வந்தவர்களின் தடங்கள். ஒன்று வெர்னுடையது, அங்கங்கே சறுக்கியிருந்தது. மற்றது ஒரே சீராக, ஆழமாக, அடிக்கு அடி அளந்து வைத்தது போல இறங்கியிருந்தது.

வழியில் ஒரு மரம் விழுந்து கிடந்தது. தான் வருஷக்கணக்காக உட்கார்ந்து உட்கார்ந்து அதன் பட்டை உரிந்து வழவழவென்று ஆகியிருக்கும் என்று அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறாள். இப்போது அது தெரியவில்லை. தண்டின் மேல் முழுக்கப் பனி மூடியிருந்தது. கை பட்ட அடையாளம்கூட இல்லை. ஆழமான தடம் அதைத் தொட்டாற்போல் தாண்டிப் போயிருந்தது.

மேலே, கிளையில் கயிறு கட்டித் தூக்கியிருந்த துணிமூட்டைகள் பத்திரமாக இருந்தன. காக்கைகள் மட்டும் வந்து பார்த்திருந்தன. வெர்ன் ஒன்றைத் தன் பையில் ஏற்றிக்கொண்டு, மற்றதைக் கோரினின் சட்டத்தில் வைத்துக் கட்டினார். அவள் கைகளை வாருக்குள் நுழைத்தபோது பின்னாலிருந்து பார்த்துத் தலையசைத்தார்.

"பையோட முதுகு நீளத்தைக் குறைக்கணும். அவன் அளவுலயே இருக்கு. இடுப்புப் பட்டை உனக்குக் கீழ இறங்கிடும், பாரம் பூராத் தோள்ல வந்து நிக்கும். கழட்டு, ரெண்டு நிமிஷ வேலை."

"இருக்கட்டும்."

"வலிக்கும் பொண்ணே."

"இருக்கட்டும் வெர்ன்."

அவர் அவளை ஒரு முறை பார்த்துவிட்டு, பையை அடியில் பிடித்துத் தூக்கி எழ உதவினார்.

இறக்கத்தில் வார்கள் உடனே தோளில் இறங்கின. கொஞ்ச தூரத்திலேயே கழுத்தின் இரு பக்கமும் எரிந்தது. பட்டை தொடையில் இடித்து இடித்து நடையைக் கெடுத்தது. அவள் கட்டைவிரல்களை வாருக்கு அடியில் கொடுத்துத் தாங்கிப் பார்த்தாள். அதுவும் கொஞ்ச நேரம்தான். ஆழமான தடத்துக்குள் தன் பூட்ஸை வைத்து வைத்து இறங்கினாள். விழுந்த மரம் வந்தபோது தோள்கள் மரத்துப்போகும் அளவுக்கு வலித்தன.

நின்றாள். தண்டின் ஓரத்தில் கையால் பனியைத் தள்ளிவிட்டு, பையோடு உட்கார்ந்தாள்.

முன்னால் போய்க்கொண்டிருந்த வெர்ன், அவள் காலடிச் சத்தம் நின்றதும் திரும்பினார். ஏறி அவளிடம் வந்தார். வாய் திறந்தது. "அவன் இங்க..." என்றவர் அவளுடைய தோள்களைப் பார்த்தார், வார் அழுத்தி மேல்கோட்டு மடங்கிக் கிடந்த இடத்தை. பிறகு தண்டை, தடத்தை. அந்த வாக்கியம் அங்கேயே நின்றது.

தன் பையைத் தரையில் இறக்கி வைத்தார். தண்டின் மறு ஓரத்துக்குப் போய், பனியைத் தட்டிவிட்டு உட்கார்ந்தார். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு ஆள் உட்காரும் அளவுக்குப் பனி கலையாமல் இருந்தது.