பத்துப் பேர், ஆளுக்குக் கால் மணி

1

இந்தக் கதை எனக்குத் தாம்பரத்தில் ஒரு பழைய பேப்பர் கடையில் கிடைத்தது. எடைக்கு வந்த பள்ளிக்கூட அட்லஸில் மெட்ராஸிலிருந்து டெல்லிக்கு யாரோ பென்சிலால் கோடு இழுத்து, ஓரத்தில் எழுதியிருந்தார்கள்: ‘1100 மைல். இரண்டரை மணி. பத்துப் பேர்.’ மைலும் மணியும் புரிந்தன. அந்தப் பத்துப் பேர் யார் என்பதுதான் என்னைப் பாடாய்ப் படுத்தியது. மற்றதெல்லாம் என் கைச்சரக்கு.

2

(1969. மேகங்களைக் கிழித்துக்கொண்டு அந்த விமானம்— வேண்டாம். நான் விமானம் ஏறியதில்லை. தரையிலிருந்தே தொடங்குகிறேன்.)

தாம்பரத்துப் புஷ்பத்தின் கணவர் சுந்தர்சிங்கை ஆபீஸில் டெல்லிக்கு விமானத்தில் அனுப்பினார்கள். தினமும் மின்சார ரயிலில் மீனம்பாக்கத்தைத் தாண்டிப் போகிறவர், அங்கே இறங்குவது அதுதான் முதல் தடவை. அவர் வானத்தில் இருக்கும் நேரம் முழுக்க யாராவது விடாமல் ஜெபிக்க வேண்டும் என்று புஷ்பம் முடிவு செய்தாள். தானே ஜெபிக்கலாம். ஆனால் முழங்காலில் நின்று கால் மணி ஆனால் அவளுக்கு அடுப்புக் குழம்பு நினைவுக்கு வந்துவிடும். அந்த நேரம் பார்த்து விமானத்துக்கு ஏதாவது ஆகிவிட்டால்? அவள் பயமே அதுதான்.

பக்கத்து வீட்டுப் பூகோள வாத்தியார் ஜீவரத்தினம் அட்லஸில் நூல் வைத்து அளந்தார்.

“ரெண்டரை மணி நேரம்மா. இறங்குற கடைசி கால் மணிதான் டேஞ்சர்.”

“அதை நீங்க சொல்லாமலே இருந்திருக்கலாம் சார்.”

ஆளுக்குக் கால் மணி, சபையிலிருந்து பத்துப் பெண்கள். சங்கிலி ஜெபம் தயாரானது.

3

ஞாயிறு பிற்பகல் இரண்டு மணிக்குத் தலைக்கு மேல் விமானச் சத்தம் கேட்டதும் அமலராணி முதல் ஆளாக முழங்காலிட்டாள்.

[அடிக்குறிப்பு: தாம்பரத்தில் விமானப்படை நிலையம் இருக்கிறது. பத்துப் பேரில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. எனக்கும் இரண்டாம் தடவை எழுதும்போதுதான் தோன்றியது.]

நாலரைக்கு எல்லோரும் ஸ்தோத்திரப் பாட்டுப் பாடிக்கொண்டிருக்கையில் கேட்டைத் திறந்துகொண்டு, பையோடு சுந்தர்சிங் வந்தார்.

“பிளேன் ரிப்பேராம். நாளைக்கு அதே ரெண்டு மணிக்குக் கிளம்புமாம். எதுக்குப் பாடுறீங்க?”

“நீங்க பத்திரமா டெல்லி போய்ச் சேர்ந்ததுக்கு,” என்றாள் புஷ்பம்.

“செஞ்ச ஜெபம் வீணாப் போகாது, நாளைக்குச் சேர்த்துக்கலாம்,” என்றாள் அமலராணி.

“இன்னைக்குச் சமைச்சதை இன்னைக்கே சாப்பிட்டாச்சுக்கா,” என்றாள் புஷ்பம்.

4

திங்கட்கிழமை பத்துப் பேருக்கும் பள்ளிக்கூடம், ஆபீஸ். மிஞ்சியது புஷ்பமும், பாத்திரம் தேய்க்க வரும் சரசுவும்.

“எனக்கு உங்க ஜெபம் தெரியாதேக்கா. குன்றத்தூர் முருகனாண்ட சொல்றேன், பரவால்லியா?”

புஷ்பம் யோசித்தாள். “கால் மணி விடாம சொல்லுவியா?”

“நான் பேச ஆரமிச்சா அவருதான் நிறுத்தணும். ஆனா நாலு மணிக்கு மேல முடியாது. அடுத்த வூட்ல வேலை கீது.”

மாறி மாறி ஜெபித்தால் நாலேகால் வரை சமாளிக்கலாம். இறங்குகிற கால் மணிக்குத்தான் ஆள் இல்லை. (முருகனைச் சேர்த்துக்கொண்டதைப் போதகரிடம் சொல்லிவிடாதீர்கள்.)

5

மூன்று முடிவுகள் எழுதினேன். ஒன்றில் தந்தி வருகிறது. ஒன்றில் விமானம் மறுபடி ரிப்பேர். இன்னொன்றைத் தாள் கிழியும்வரை அடித்துவிட்டேன்.

கடைசிக் கால் மணிக்கு நான் வருகிறேன் என்று புஷ்பத்திடம் சொல்லிப் பார்த்தேன்.

“வேணாங்க. நீங்களும் என்னை மாதிரிதான். பாதியில விட்டுட்டு வேற எங்கயாவது போயிடுவீங்க.”

மேலே அடைப்புக்குறிக்குள் கிடப்பதையெல்லாம் பார்த்திருக்கிறாள்.

மணி நாலேகால். சரசு போய்விட்டாள். புஷ்பத்துக்குக் குழம்பு நினைவு வந்துவிட்டது. மேலே விமானம் இறங்கத் தொடங்கிவிட்டது. இதுவரை கவனம் சிதறாமல் வந்திருப்பவர் நீங்கள் ஒருவர்தான். யாரிடம் சொல்வது என்பது உங்கள் விருப்பம். கால் மணிதான், நடுவில் எழுந்து போய்விடாதீர்கள்.