பதினொரு மணி எழும்பல்

செரேஷாக் நகரத்து மணிக்கூண்டுக் கடிகாரத்தின் பெரிய முள் சின்ன முள்ளின்மேல் வந்து படியும்போதெல்லாம், நகரவாசிகள் அனைவரும் தரையிலிருந்து ஒரு சாண் எழும்பி, அரை நிமிடம் அந்தரத்தில் நின்று, பிறகு இறங்குவார்கள். அந்நேரத்தில் முட்டைக்காரி கூடையை இடுப்போடு இறுக்கிக்கொள்வாள். நாவிதர் கத்தியைக் கன்னத்திலிருந்து விலக்கிக்கொள்வார். பல்கேரியாவின் மற்ற ஊர்களில் இப்படி நடப்பதில்லை என்று அவர்களுக்குத் தெரியும். அதை அவ்வூர்களின் குறையாகவே கருதினார்கள். இங்கே மணமக்களின் கால்கள் தரையில் படாதிருக்கும்போது இடும் கையெழுத்துத்தான் திருமணப் பதிவேட்டில் செல்லும். நகராட்சி, எழும்பலுக்கு ஒரு ஜோடி வீதம், சனிக்கிழமைகளில் நேரம் ஒதுக்கித் தந்தது.

கணித ஆசிரியர் மெத்தோதியின் ஆத்திரத்திற்குக் காரணம் நகராட்சிச் சுவரில் தொங்கிய எழும்பல் நேர அட்டவணை. எழுபது ஆண்டுகளுக்குமுன் எவரோ ஓர் எழுத்தர் அதை எழுதி வைத்தார்: ஒன்று ஐந்து, இரண்டு பத்து, மூன்று பதினைந்து என்று வளர்ந்து, பதினொன்று ஐம்பத்தைந்து, பிறகு பன்னிரண்டு. ஆக, பன்னிரண்டு எழும்பல்கள். பெரிய முள் நகரும்போது சின்ன முள்ளும் சும்மா இருப்பதில்லை என்பது அந்த மனிதருக்குத் தோன்றவேயில்லை. பத்து ஐம்பதுக்கு நேரம் பெற்றவர்கள் நாலரை நிமிடம் கூடுதலாகக் காத்து நின்றார்கள். எழும்பலுக்குச் சோம்பல் என்று பேசிக்கொண்டார்கள். பதினொன்று ஐம்பத்தைந்துக்கு நேரம் பெற்ற பதினொரு மணிக்காரர்களோ எழும்பவே இல்லை. பதிவாளர் பென்கோ பதினொன்று ஐம்பத்தெட்டுவரை பொறுத்திருப்பார். "மணமக்கள் மனத்தில் உறுதியில்லை" என்று குறித்துப் பதிவேட்டை மூடுவார். குடல் சூப் ஆறுவதற்குள் வீட்டுக்குப் போய்விடுவார். அந்த நேரத்தைப் பெற்ற ஜோடிகளில் பாதிப் பேர் பிரிந்தே போனார்கள்.

மெத்தோதியின் மகள் ருமியானாவுக்குக் கிடைத்தது அந்த நேரம். இரண்டு சனிக்கிழமைகள் அவளும் வாஸ்கோவும் தரையிலேயே நின்று திரும்பினார்கள். வாஸ்கோ கப்பலில் கொதிகலன் பார்ப்பவன். மூன்றாம் சனிக்கு அடுத்த திங்களன்று வார்னா துறைமுகத்திலிருந்து புறப்பட்டால் திரும்ப எட்டு மாதம் ஆகும். மணமகளின் ஆடையையோ வயிற்றுப் பக்கம் இருமுறை பிரித்துத் தைத்தாகிவிட்டது.

மெத்தோதி நகராட்சிக்குக் கரும்பலகையையே தூக்கிக்கொண்டு போனார்.

"பென்கோ, பன்னிரண்டு மணிக்கு ரெண்டு முள்ளும் ஒண்ணா இருக்கு. ஒரு மணி நேரத்துல பெரிய முள்ளு அறுபது கோடு போகுது, சின்னது அஞ்சு கோடு போகுது. அப்ப எத்தனை கோடு முந்துது?"

"அம்பத்தஞ்சு."

"மறுபடி புடிக்க அறுபது கோடு முந்தணும். அதுக்கு ஒரு மணி அஞ்சு நிமிஷத்துக்கு மேல, இன்னும் அரை நிமிஷம்போல ஆகும். பன்னிரண்டு மணி நேரத்துல அது எத்தனை தடவை நடக்கும்? பதினொண்ணு! பத்து அம்பத்தஞ்சுக்குக் கொஞ்சம் முன்ன ஒண்ணு, அப்புறம் நேரா பன்னிரண்டுதான். நடுவுல ஒண்ணுமே கிடையாதுய்யா!"

"வாத்தியாரே, மணி எத்தனை? பன்னிரண்டு. மணிக்கு ஒரு எழும்பல். என் பேத்திகூடச் சொல்லிடுவா. பொண்ணு மனசைச் சரி பண்ணாம முள்ளு மேல பழி போடுறீங்களே!"

மெத்தோதியின் கையிலிருந்த சுண்ணக்கட்டி பொடியாயிற்று. முப்பத்தோர் ஆண்டுகள் மக்குப் பிள்ளைகளைப் பொறுத்துக்கொண்டவருக்கு, கணக்கின் ஒவ்வொரு வரிக்கும் தலையாட்டிவிட்டு விடையை மட்டும் மறுக்கும் ஒருவரைப் பொறுக்க முடியவில்லை.

மூன்றாம் சனிக்கிழமை பதினொன்று ஐம்பத்தெட்டுக்குப் பென்கோ பதிவேட்டை மூடப் போனார். மெத்தோதி திறந்த பக்கத்தின்மேல் இரண்டு கைகளையும் ஊன்றினார்.

"கையை எடுங்க. சூப்பு ஆறுது!"

"ரெண்டே நிமிஷம்."

"பன்னிரண்டு மணி எழும்பல்ல கல்யாணம் கிடையாது. அது சாப்பாட்டு நேரம்!"

"அப்பா, விட்டுடாதீங்க!" என்றாள் ருமியானா. வாஸ்கோ, "மாமா, கெட்டியாப் புடிச்சுக்குங்க!" என்றான். ஒருவர் இழுக்க, மற்றவர் பிடிக்க, மணிக்கூண்டு பன்னிரண்டு அடித்தது. எல்லோரும் ஒரு சாண் உயர்ந்தார்கள். மேசை தரையிலேயே நின்றது. பதிவேடு மெத்தோதியின் கையோடு மேலே வந்தது. அவர் அதை முதுகில் வைத்துக் குனிந்தார். மணமக்கள் அங்கேயே கையெழுத்திட்டார்கள். கையெழுத்திட்டபின் யார் மற்றவர் காலை முதலில் மிதிக்கிறார்களோ அவர் சொல்தான் வீட்டில் எடுபடும் என்பது வழக்கம்; ருமியானா இறங்கும்போது, வயிற்றுச் சுமையோடும் சேர்த்து, வாஸ்கோவின் காலின்மேலேயே இறங்கினாள். திங்களன்று அவன் நொண்டிக்கொண்டே கப்பலேறினான்.

செவ்வாயன்று நகராட்சி கூடியது. பார்த்த சாட்சிகள் பலர் இருந்ததால் திருமணத்தைத் தள்ளிவிட முடியவில்லை. அட்டவணையைத் திருத்தவோ எவருக்கும் மனமில்லை. ஆகவே, பதினொரு மணி எழும்பலும் இனிப் பன்னிரண்டு மணிக்கே நிகழ வேண்டும் என்றும், மொத்தம் பன்னிரண்டு என்பதில் மாற்றமில்லை என்றும் கைதூக்கித் தீர்மானம் நிறைவேற்றினார்கள். மெத்தோதி வீட்டில் உட்கார்ந்து, முட்டாள்தனத்திற்குக் கைதூக்கி உயிர்கொடுக்க முடியாது என்று மனைவியிடம் கத்திக்கொண்டிருந்தார்.

மறுநாள் பன்னிரண்டு மணிக்கு நகரம் முழுவதும் இரண்டு சாண் எழும்பியது. மெத்தோதியின் தலை கூடத்து விளக்கில் மோதியது. அடுத்த நாள் அளவுகோலோடு நின்று அளந்தார்: சரியாக இரண்டு சாண். பன்னிரண்டு மணி நேரத்தில் முட்கள் எத்தனை முறை சேரும் என்று கேட்டால் பதினொன்று என்றே இன்றும் சொல்கிறார். கூடத்து விளக்கை மட்டும் ஒரு சாண் உயர்த்திக் கட்டிவிட்டார்.