கூடையோடு நிற்கிறவள்

“பெண்கள் இப்படிப் பார்ப்பதில்லை. அவள் முதலில் காதலிக்கட்டும், கடைசியில் அழட்டும். உடம்பை அவன் பார்க்கட்டும். இன்று மாலைக்குள் மாற்றி அனுப்பினால் இந்த இதழில் வரும்.”

பத்திரிகை ஆசிரியரின் செய்தியை வைஜெயந்தி நாலாவது முறையாகப் படித்தபோது மரக்காணம் உப்பளத்து வரப்பில் வெயில் சுள்ளென்று ஏறியிருந்தது. அச்சில் வரப்போகும் அவளுடைய முதல் கதை. வீட்டின் முதல் பட்டதாரியும் அவள்தான். அந்தாளை நறுக்கென்று நாலு கேட்க வாய் துறுதுறுத்தது. கேட்டால் கதை போய்விடும்.

சோறு கொண்டுவந்த கையோடு, அங்கே உப்பு சுமக்கிற அண்ணி வசந்தாவுக்குக் கதையைப் படித்துக் காட்டினாள். உப்பு சுமக்கிற ஒருத்தி, உப்பு வாருகிறவனின் முதுகைப் பார்த்து ஆசைப்படுகிற கதை. வேறு யாரிடமும் அதை வாய்விட்டுப் படிக்க முடியாது.

வசந்தா மோரை ஒரு மடக்குக் குடித்து வாயைத் துடைத்தாள்.

“முதுகா? தப்பு வைஜி.”

“நீயும் அதையே சொல்றியா அண்ணி? பொம்பளைங்க பாக்க மாட்டாங்களாம்.”

“அவன் கெடக்கறான். ஒருநாள் இங்க வந்து நின்னுருப்பானா? ஆம்பளைங்க குனிஞ்சி வாருறாங்க. நாங்க கூடைய வெச்சிக்கினு நிக்கறோம். நாள் முழுக்க யாரு யாரைப் பாக்கறது? முதுகு சட்டைக்குள்ள இருக்குது. கெண்டைக்காலுதான் தெரியும். உங்க அண்ணன் காலைப் பாத்துட்டுதான் நான் இந்தப் பாத்திக்கே மாறி வந்தேன்.”

“அப்பவே லவ்வா?”

“அப்ப ஆசைதான். லவ்வு ரெண்டாவது புள்ளைக்கு அப்புறம் வந்துது. போன்ல ரோஜாப்பூவா அனுப்பினே இருந்தது அவரு. எங்கப்பா பொண்ணு தரமாட்டேன்னப்ப அழுததும் அவருதான். எழுதிக்கோ!”

சொல்லிவிட்டுக் குழம்பை வழித்து நக்கினாள். முகத்தில் ஒரு கூச்சம் இல்லை. வைஜெயந்திக்குத்தான் காது சுட்டது. முதுகு அவள் பார்த்ததல்ல, எங்கெங்கோ படித்தது. ஆசிரியர் மேல் அத்தனை கோபப்பட்டவள், தானும் கண்ணை மூடிக்கொண்டுதான் எழுதியிருக்கிறாள். இந்த அண்ணி மாதிரி ஒருத்தியைப் போய் கதையில் அழவைப்பதா?

போனில் முதுகை அழித்துக் கெண்டைக்கால் என்று அடித்தாள். வேறெதையும் தொடவில்லை. ‘அவள் அழமாட்டாள்’ என்று கீழே ஆசிரியருக்கு ஒரு வரி சேர்த்து அனுப்பினாள்.

வசந்தா சும்மாட்டைத் தலையில் வைத்து, கூடையோடு போய் நின்றாள். பாத்தியில் பலகையால் உப்பை இழுத்துக்கொண்டிருந்த அண்ணன் சதீஷ் நிமிரவேயில்லை. ஆனாலும் அவள் பார்ப்பது எப்படியோ தெரிந்திருக்க வேண்டும். மடித்துக் கட்டியிருந்த லுங்கியை ஒரு கையால் மெல்ல அவிழ்த்துவிட்டான்.

சோற்றுப் பைக்குள் போன் அதிர்ந்தது. வைஜெயந்தி எடுக்கவில்லை. உப்புத் தண்ணீரில் நனைந்த லுங்கி, அண்ணனின் காலோடு இன்னும் இறுக்கமாக ஒட்டிக்கொண்டது.