மாப்பிள்ளைப் பாட்டுக்கு யார் சொந்தம்

பக்கத்து வீட்டு யுவராஜ் கல்யாணத்தில் பெண்வீட்டார் பாடிய கேலிப்பாட்டை எங்கள் மலையின் வாழவந்தி நாடே கேட்டது. மணப்பெண் ராதிகாவின் அக்கா சுகுணா நின்ற இடத்திலேயே கட்டிப் பாடியது. ஜவுளி எடுக்க மலை இறங்கும்போது, மலையில் பிறந்த மாப்பிள்ளை வளைவு தாங்காமல் மாமனார் மடியில் வாந்தி எடுத்தார் என்பது சாரம். நடந்த கதைதான்.

மாப்பிள்ளை சும்மா இருந்தாரா? பாட்டுக்கு மேளம் கூட்டி, ‘மலைநாட்டு மாப்பிள்ளை’யைக் ‘கீழ்நாட்டு மாப்பிள்ளை’ ஆக்கி, தன் சேனலில் போட்டார். வாந்தி அடிவாரத்து ஆட்களுக்குப் போய்விட்டது. லட்சம் பேர் பார்த்தார்கள். உடனே கம்ப்யூட்டர் சென்டர் கலைமணியைப் பிடித்துப் பதிப்புரிமைக்கு விண்ணப்பமும் போட்டார். இயற்றியவர் யுவராஜாம். வேறு யாருக்கும் பங்கில்லையாம்.

அதோடு விடவில்லை. சுகுணா ஒரு வளைகாப்பில் பாடிய வீடியோவைப் புகார் கொடுத்துத் தூக்க வைத்தார். சுகுணா பதிப்புரிமை ஆபீசுக்கு ஆட்சேபம் அனுப்பிவிட்டு, நேரில் யுவராஜ் வீட்டுக்கும் வந்துவிட்டாள். அப்போது நான் வாசலில் மிளகு கிளறிக்கொண்டிருந்தேன். காய்ந்த மிளகுதான், இருந்தாலும் கிளறினேன்.

“ஏனுங்க மாப்ளே, எம்பாட்டை நானே பாடக்கூடாதுங்களா?”

“பதிவுக்குப் போட்டது நானுங்க நங்கையா” என்று பெண்டாட்டியின் அக்காவுக்குப் பதில் சொன்னார் யுவராஜ். “பதிஞ்சவனுக்குத்தான் பாட்டு.”

யுவராஜ் துணைக்குக் கூட்டி வந்திருந்த கலைமணியே நெளிந்தான். “அப்படி இல்லீங்கண்ணா. கட்டுன அன்னிக்கே கட்டுனவங்களுக்கு உரிமை வந்துருதுங்க. பதிவு அதுக்கு ஒரு சாட்சிதான். அதுவும் இன்னும் ஆகலீங்க, விண்ணப்ப நம்பர்தான் வந்திருக்குது. ஆட்சேபம் இருந்தா சொல்லச் சொல்லி ஒரு மாசம் விடுவாங்க. இவங்க சொல்லிட்டாங்க. நாம பதில் குடுக்கோணும்.”

“எழுது. நான் எழுதிக் குடுத்தேன், நங்கையா மனப்பாடம் பண்ணிப் பாடுச்சு.”

கலைமணி பாட்டு வரிகளைப் பார்த்தான். “‘எந் தங்கச்சி கைபுடிச்ச மாப்பிள்ளை’ன்னு வருதுங்களே. உங்க தங்கச்சிய எந்த ஊர்ல குடுத்திருக்குதுங்க?”

பாவம், தெரியாமல்தான் கேட்டான். யுவராஜ் ஒற்றைப் பிள்ளை. மாப்பிள்ளையை மாற்றியவர் தங்கச்சியை அப்படியே விட்டுவிட்டார்.

உள்ளேயிருந்து ராதிகா வந்தாள். “அவருக்கு ஏது தங்கச்சி? அந்தத் தங்கச்சி நாந்தான் சாமி.”

நான் சிரித்துவிட்டேன். வேறு யாரும் சிரிக்கவில்லை. யுவராஜ் முகம் சுண்டிப்போய்த் தரையைப் பார்த்தார்.

“கேட்டிருந்தாப் பாடுங்கன்னுதானே சொல்லியிருப்பேன்” என்றாள் சுகுணா. குரலில் கோபம்கூட இல்லை. “எம்பேரை மட்டும் போட்டிருந்தாப் போதுமே.”

அவள் நாலு திட்டு திட்டியிருந்தால் மனுஷன் பிழைத்திருப்பார். “விண்ணப்பத்தை வாபஸ் வாங்கிரு, கலைமணி. புகாரையும்” என்றார். பாதிதான் வெளியே கேட்டது. பிறகு நிமிராமலே போனை சுகுணாவிடம் நீட்டினார். “வீடியோவுக்குக் கீழ பேரை நீங்களே போட்ருங்க.”

“உங்க கையாலயே போடுங்க.”

அந்தச் சின்னப் பேரைத் தட்டுவதற்குள் அவர் விரல் எத்தனை முறை வழுக்கியது! ராதிகா தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

“வெறும் பேரு என்னத்துக்கு? ‘இயற்றியவர்’னு முன்னாடி போடுங்க.”

போட்டார்.