மருமகள் ஊர் மீன்

தெஹியோவிட்டப் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்தில் குடிக்க, குளிக்க எல்லாவற்றுக்கும் ஒரே பீலித் தண்ணீர்தான். அதற்குத் தண்ணீர் தரும் ஓடையை மறித்துக் கரண்ட் எடுக்க 2009இல் ஒரு கம்பனி வந்தது. ஓடையில் அரிய மீன் இருந்தால் வேலை நிற்கும், அதைப் பார்க்க மீன் படித்த ஒரு நோனா, சிங்கள அம்மா, வருகிறார் என்றார்கள். தோட்டத்துத் தலைவர் அழகமுத்து மீசையை முறுக்கினார்.

ஓடையில் கிடந்தது விரல் நீளக் கெண்டைப்பொடி. உடம்பில் இரண்டு கறுப்புப் பட்டை, சிவப்புச் செட்டை.

"பொறந்ததுலயிருந்து இதத்தான் பொரிச்சு திங்கிறோம். இதப் போயி அரிய மீனுன்னு எவ சொல்லுவா?" என்றார் தலைவர்.

வெளியூர்ச் சரக்குக்குத்தான் அவரிடம் மதிப்பு. மருமகள் சுகந்தினியையே பெல்மதுளையில்தான் எடுத்தார். அவள் ஊர் ஓடையிலும் அதே பட்டை மீன் உண்டு. செட்டை மட்டும் மஞ்சள். எங்கள் ஓடையில் விட, சம்பந்தி வீட்டிலிருந்து எண்ணெய் டின்னில் மஞ்சள் செட்டை பஸ் ஏறி வந்து இறங்கியது.

பழசும் புதுசும் கலந்தால் மதிப்புக் குறையுமாம். கோடையில் ஓடை குட்டை குட்டையாகச் சுருங்கியிருந்தது. லயத்து வீட்டுச் சனமே கூடி, நுளம்பு வலையால் சிவப்பை வழித்தெடுத்தது.

"ஒன்னு ரெண்ட வுட்டு வைங்க தலைவரே," என்றாள் ஜெயம்மா.

"மீனப் பத்தி ஒனக்கு என்னா தெரியும்?"

"பொரிக்கத் தெரியுங்க."

அன்று லயமே மணத்தது.

நோனா வந்து வலை போட்டார். மஞ்சள் செட்டை துள்ளியது. "அபே மாளு நோனா, எங்க மீனு!" என்று தலைவர் நெஞ்சைத் தட்டினார்.

நோனா முகம் சுருங்கியது. "இது களு கங்கைப் பக்கத்து மீன். உங்கள் ஓடை களனிக்குப் போகிறது. இங்கே சிவப்புச் செட்டை இருக்க வேண்டும். அது தனி இனம் என்று இப்போதுதான் பிரித்திருக்கிறார்கள். அதைத் தேடித்தான் வந்தேன்."

பொழுது சாயும்வரை அரித்தார். ஒன்றும் சிக்கவில்லை.

"இருந்திச்சு நோனா," என்றார் தலைவர் ஈனக்குரலில்.

"எங்கே?"

தலைவர் எங்களைப் பார்த்தார்.

"காணாததை நான் எழுத முடியாது," என்று சொல்லிவிட்டு நோனா போய்விட்டார்.

அணை எழும்பியது, பீலி வற்றியது. இப்போது தலைவர் ஆசைப்பட்டபடி தண்ணீரும் வெளியூரிலிருந்துதான் வருகிறது, பவுசர் வண்டியில். வரிசையில் முதல் ஆளாக அவர்தான் நிற்கிறார், கையில் அதே எண்ணெய் டின்னுடன்.